இறங்கும்போது போடுகிற சட்டை

பாதிரியார் நாற்காலிக்குப் போகலாமா என்று என் தம்பி மகன் ரெமி கேட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். கேட்ட மாத்திரத்தில் என் தம்பி ரொலான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டான். அவன் மனைவி லிசெத் பட்டாணி சூப் ஊற்றிக்கொண்டிருந்தாள். கிண்ணம் நிரம்பி மேசை விரிப்பில் வழிந்தது கூட அவளுக்குத் தெரியவில்லை.

"சூப்பு வழியுது லிசெத்" என்றேன். யாராவது எதையாவது பேச வேண்டுமே.

இத்தனைக்கும் அவன் கேட்டது ஒன்றும் பெரிய விஷயமில்லை. குளிர்காலம் வந்தால் எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்தவர்கள் எல்லோரும், பனியில் ஒரேயடியாகப் புதையாமல் இருக்கக் காலில் அகலமான பனிமட்டைகளைக் கட்டிக்கொண்டு மலையேறுகிறவர்கள்தான். பாதிரியார் நாற்காலி என்பது மலை உச்சியில் ஆற்றைப் பார்த்து நிற்கிற பாறை. கீழே சாகனே ஆறு உறைந்து வெள்ளையாகக் கிடக்கும். அதன் மேல் மீன் பிடிக்கிறவர்களின் மரக் குடில்கள் தீப்பெட்டிகளைக் கொட்டி வைத்த மாதிரி தெரியும். அந்தக் காலத்துப் பாதிரியார் ஒருவர் அங்கே உட்கார்ந்துதான், ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வராமல் மீன் பிடிக்கப் போனது யார் யார் என்று பார்த்து வைப்பாராம். நாங்கள் சின்ன வயதிலிருந்து எத்தனை தடவை ஏறியிருப்போம் என்பதற்குக் கணக்கே கிடையாது.

ஆனால் கேட்டது ரெமி. நவம்பருக்குப் பிறகு அவன் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. உப்பை எடுத்துக் கொடு என்று கூடக் கேட்கமாட்டான், உப்பில்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவான்.

மொன்றியாலில் நல்ல வேலையில் இருந்த பையன். இலையுதிர் காலத்தில் ஒருநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். களைப்பு என்றான். படுத்தவன் படுத்தபடி கிடந்தான். லிசெத் கவலைப்பட்டாள். என் தம்பியோ, "சின்னப் பையன், தூங்கட்டும் விடு. ஒண்ணுமில்ல, வெறும் களைப்பு" என்றே சொல்லிக்கொண்டிருந்தான். ஒருநாள் ராத்திரி லிசெத் அவன் கட்டிலில் உட்கார்ந்து, "என்னடா பண்ணுது?" என்று கேட்டிருக்கிறாள். "நல்லாத்தான் இருக்கேன்மா" என்றானாம், சிரித்துக்கொண்டே. மறுநாள் பள்ளிக்கூடச் சமையலறையில் அவளுக்கு வேலை சீக்கிரம் முடிந்தது. வீட்டுக்கு வந்தவள்தான் அவனைப் பார்த்தாள். கொஞ்சம் தாமதமாக வந்திருந்தால் பிணத்தைத்தான் பார்த்திருப்பாள். அதற்கு மேல் அதைப் பற்றி நான் பேசப் போவதில்லை.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பினார்கள். அவன் வருவதற்குள் ரொலான் வீட்டில் இருக்கிற எல்லாக் கதவுகளிலும் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டான். கழிவறைக் கதவிலும்தான். உள்ளே ஆள் இருக்கிறது என்று தெரிய நான் பாட்டுப் பாட வேண்டியிருந்தது. என் குரலைக் கேட்டுப் பக்கத்து வீட்டு நாய் ஊளையிடும். ஒரு தடவை அதற்கு ரெமி லேசாகச் சிரித்தான். லிசெத் அந்தச் சிரிப்பைப் பற்றி என்னிடம் இரண்டு நாள் பேசினாள்.

எங்கள் நிலைமை இப்படி இருக்கும்போதுதான் அவன் மலைக்குப் போகலாமா என்று கேட்கிறான்.

"போலாமே. எப்போ?" என்றேன்.

"சனிக்கிழமை?"

"சனிக்கிழமையே போவோம். உங்கப்பன் முட்டி ஒத்துழைச்சா அவனையும் இழுத்துட்டுப் போவோம்."

"என் முட்டிக்கு என்ன கேடு?" என்றான் ரொலான். உடனே ரொட்டியை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டான். என் தம்பி அப்படித்தான், மனசில் ஏதாவது வந்தால் வாயை மூட ஒரு வழி தேடுவான்.

திட்டம் போடும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். நான்தான் இந்த ஊர்ப் பனிமட்டைக் கிளப்பின் தலைவியாக இருந்தவள். இப்போது அவர்களுக்கும் எனக்கும் பேச்சு வார்த்தை கிடையாது, அது வேறு சண்டை. புதன்கிழமை சாயங்காலம் சமையலறை மேசையில் எல்லோரும் உட்கார்ந்தோம். வரைபடம் எங்களுக்குத் தேவையே இல்லை. இருந்தாலும் விரித்தேன். விரித்தால் அவன் குனிந்து பார்ப்பான் அல்லவா, அதற்காக. பார்த்தான். ஓடையோரமாகப் போகிற வழியை விரலால் தொட்டு, "இது வேணாம், ஐஸ் இன்னும் கெட்டிப்பட்டிருக்காது" என்றான். அவன் சொன்னது சரிதான். மேட்டு வழியாக ஏறி, பாதியில் இருக்கிற அடுப்புக் குடிலில் கொஞ்சம் உட்கார்ந்து குளிர் காய்ந்துவிட்டு, அங்கிருந்து உச்சிக்கு என்று முடிவு செய்தோம். நடுப்பகல் ஆனதும் எங்கே இருந்தாலும் திரும்பிவிட வேண்டும்.

அப்போது ரொலான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"மேல பாத்து நிக்கணும்டா. காத்து அடிச்சு அடிச்சுப் பாறைக்கு வெளிய பனி நீட்டிக்கிட்டிருக்கும். தரைன்னு நெனச்சுக் கால வெச்சா அடியில ஒண்ணும் இருக்காது, நேரா ஆத்துலதான்."

லிசெத் எங்களுக்கு முதுகைக் காட்டிப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது. குழாய்த் தண்ணீர் மட்டும் ஓடியது. நான் மேசைக்கு அடியில் ரொலானின் காலை உதைத்தேன்.

"எதுக்கு ஒதைக்கிற?" என்றான், ஊருக்கே கேட்கிற மாதிரி.

இவனை எல்லாம் என்ன செய்வது. ரெமிதான் சமாளித்தான். "தெரியும்பா. அந்தக் கோணல் பிர்ச் மரத்தத் தாண்டி யாரும் போகக் கூடாது. நடக்கப் பழகினதுலேர்ந்து சொல்றீங்க."

"நானும் வர்றேன்" என்றாள் லிசெத், திரும்பாமலே.

"உன் இடுப்ப வெச்சுக்கிட்டா?" என்றேன். போன வருஷம்தான் அவளுக்கு இடுப்பு எலும்பில் ஆபரேஷன் நடந்தது. தபால் பெட்டி வரைக்கும் நடந்தாலே மறுநாள் எழுந்திருக்கமாட்டாள். அவளும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள், அதனால் அவளிடம் நான் எதையும் பூசி மெழுகிச் சொல்வதில்லை. அவள் மறுபடி குழாயடியில் கையை வைத்தாள்.

யார் முன்னால், யார் பின்னால் என்பதையும் அன்றைக்கே பேசினோம். நான் முன்னால், நடுவில் ரொலான், கடைசியில் ரெமி. புதுப் பனியில் முன்னால் போகிறவர்தான் பாதையை மிதித்துப் போட வேண்டும். முழங்கால் வரைக்கும் புதையும். ஒவ்வொரு காலையும் இடுப்பு உயரத்துக்குத் தூக்கி வைக்க வேண்டும். பின்னால் வருகிறவர்களுக்கு ஒன்றுமில்லை, போட்ட பாதையில் நடக்கலாம். மாதக் கணக்காய்ப் படுக்கையில் கிடந்த பையனைப் பின்னால் வைப்பதுதானே நியாயம்.

பையில் என்னென்ன வைப்பது என்று நாங்கள் பேசவே இல்லை. அது இங்கே எவருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஏறும்போது உடம்பு கொதிக்கும், எந்தக் குளிரிலும் சட்டை வேர்வையில் நனைந்துவிடும். மேலே போய் நின்றதும் அதே வேர்வை ஐஸாகிவிடும். அதனால் உச்சிக்குப் போனவுடன் முதல் வேலை, நனைந்ததைக் கழற்றிப் போட்டுவிட்டுக் காய்ந்த சட்டையைப் போடுவது. அந்தக் குளிரில் வெற்று உடம்போடு நின்று கத்திக்கொண்டே மாற்றுவோம், பெண்களும்தான், யாரும் யாரையும் பார்க்கமாட்டோம். பையில் முதலில் வைப்பது அந்தச் சட்டையை. அப்புறம் காய்ந்த கையுறை, ரொட்டி, சூடாக ஏதாவது. யோசித்துப் பார்த்தால் ஏறுவதற்கு ஒன்றுமே வேண்டாம். பையில் இருக்கிறதெல்லாம் இறங்குவதற்குத்தான்.

வியாழக்கிழமை விடியற்காலையில் ஆரம்பித்த பனி பொழுது சாயும் வரைக்கும் கொட்டித் தீர்த்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் என் மட்டைகளைத் தூக்கிக்கொண்டு ரொலான் வீட்டுக் கொல்லைக் கொட்டகைக்குப் போனேன். லிசெத் வேலைக்குப் போயிருந்தாள். ரொலான் மட்டைகளின் தோல் வார்களுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். ரெமி வந்து கதவருகில் நின்றான். வெளியே குவிந்து கிடந்த பனியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அத்தை, நான் முன்னாடி போறேன்."

"தொடை கழண்டுடும்டா."

"கழலட்டும்."

"குடில் வரைக்கும் போ. அப்புறம் நான் வாங்கிக்கறேன்."

"இல்ல, உச்சி வரைக்கும். நானே போடறேன் பாதைய."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க அவனைத் திட்டினேன். வயதான காலத்தில் என்னைப் பின்னால் தள்ளப் பார்க்கிறாயா, ஊரில் என் மானம் போகாதா என்றெல்லாம் கத்தினேன். அவன் சிரித்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அப்படிப் பல் தெரியச் சிரித்து நான் பார்த்ததில்லை. இருக்கிறதிலேயே கஷ்டமான வேலையை ஒருவன் வலியக் கேட்கிறான் என்றால், அவனுக்குள் உயிர் திரும்பி வந்துவிட்டது என்றுதானே அர்த்தம். ரொலானும் அப்படித்தான் நினைத்தான். எண்ணெய்த் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முகமெல்லாம் கறுப்பாக்கிக்கொண்டான்.

"அப்படின்னா உன் சாமானெல்லாம் என் பையில போடு" என்றான்.

அதுதான் எங்கள் பழக்கம். பாதை போடுகிறவன் சுமை தூக்கக் கூடாது. தண்ணீர் பாட்டில் ஒன்றைத் தவிர அவனுடையதெல்லாம் பின்னால் வருகிறவன் பையில் போகும். மேலே போனதும் வாங்கிக்கொள்வான். ரெமி தன் பையைத் திறந்து நீலக் கம்பளிச் சட்டை, கையுறை, ரொட்டிப் பொட்டலம் எல்லாவற்றையும் எடுத்து அப்பாவின் பையில் வைத்தான். தன் பையை, தண்ணீர் பாட்டிலோடு, வீட்டு முன்வாசலில் இருக்கிற கொக்கியில் கொண்டுபோய் மாட்டினான்.

"லிசெத்கிட்ட சொல்லிடு, அவன்தான் முன்னாடி போறான்னு" என்று ரொலானிடம் சொல்லிவிட்டுத்தான் நான் கிளம்பினேன்.

"சொல்லிடறேன்" என்றான்.

சொல்லவில்லை. சாயங்காலம் டி.வி.யில் ஹாக்கி ஆட்டம் போட்டார்களாம். பார்த்துக்கொண்டே நாற்காலியில் தூங்கிவிட்டானாம். வாயைத் திறந்து ஒரு வாக்கியம் சொல்வதற்கு என் தம்பிக்கு ஒரு வாரம் வேண்டும். இதை நினைத்தால் இன்றைக்கும் அவனை அறையத் தோன்றுகிறது.

இனிமேல் சொல்வது லிசெத் பிறகு என்னிடம் சொன்னது.

அவள் வேலையிலிருந்து வந்தபோது ரெமி முகச்சவரம் செய்திருந்தான். ஏதோ பாட்டை விசிலடித்துக்கொண்டு பாத்திரங்களைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் வந்து உச்சந்தலையில் முத்தம் கொடுத்தான். வேறு எந்த அம்மாவுக்கும் அந்த நிமிஷம் வயிறு குளிர்ந்திருக்கும். இவளுக்கோ பயம் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் இவளைத் தனியாக உட்கார வைத்து, எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். சோர்ந்து கிடப்பதைக் கவனி, பேசாமல் இருப்பதைக் கவனி. திடீரென்று காரணமில்லாமல் சந்தோஷமாகிவிட்டால் அதையும் கவனி, சில பேர் உள்ளுக்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் அப்படி ஆவார்கள் என்றாளாம். அழுதாலும் பயம், சிரித்தாலும் பயம். அந்த நர்ஸைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை, ஆனால் ஒரு பெண் பிள்ளை இதைத் தலையில் வைத்துக்கொண்டு எப்படித்தான் தூங்குவாள்.

அவன் பைக்குள் கொஞ்சம் மேப்பிள் மிட்டாய் போட்டு வைக்கலாம் என்று முன்வாசலுக்குப் போயிருக்கிறாள். கொக்கியிலிருந்து பையை எடுத்தால் காற்றாய் இருந்தது. திறந்தாள். தண்ணீர் பாட்டில். வேறு ஒன்றும் இல்லை. உள்ளறை, பக்கத்துப் பை எல்லாம் கையை விட்டுப் பார்த்தாள். சட்டை இல்லை.

பாதை போடுகிறவன் பை காலியாகத்தான் இருக்கும் என்பது அவளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். பள்ளிக்கூட நாளிலிருந்து என் பின்னால் என் சட்டையைச் சுமந்துகொண்டு வந்தவளே அவள்தான். ஆனால் அவள் மகன் கடைசியில் வருகிறவன். அப்படித்தான் அவளிடம் சொல்லியிருந்தோம். கடைசியில் வருகிறவன் பையில் சட்டை இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று இந்த ஊரில் யாரைக் கேட்டாலும், இறங்கி வருகிற எண்ணம் இல்லை என்றுதான் சொல்வார்கள்.

அவள் உடனே கத்தவில்லை. மாடிக்குப் போனாள். அவன் கட்டிலில் படுத்திருந்தான்.

"எல்லாம் எடுத்து வெச்சுட்டியா?"

"வெச்சுட்டேன்மா."

"சட்டை?"

"அதுவும்தான். அந்த நீலச் சட்டை." சிரித்தானாம்.

அவன் உண்மையைத்தான் சொன்னான். அவளுக்கு எப்படித் தெரியும்? நவம்பரில் அவன் சிரித்துக்கொண்டே நல்லாத்தான் இருக்கேன் என்று சொன்ன அதே கட்டில், அதே சிரிப்பு. அவன் வார்த்தையை அன்றைக்கு நம்பி அவள் பட்டது போதும். கீழே வந்தாள். ரொலான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அவனை எழுப்பிக் கேட்டிருந்தால் எல்லாம் தெளிவாகியிருக்கும். ஆனால் வெறும் களைப்பு என்று சொன்னவன் அவன். அவனைக் கேட்டு என்ன ஆகப் போகிறது என்று விட்டுவிட்டாள். என்னையாவது கூப்பிட்டிருக்கலாம். மலைக்குக் கூட்டிப் போகிறவளே நான்தானே, நான் எப்படி வேண்டாம் என்பேன் என்று நினைத்தாளாம். ராத்திரி முழுக்க மகன் அறை வாசலில், தாழ்ப்பாள் இல்லாத கதவுக்கு இந்தப் பக்கம், ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். விடிந்ததும் அவன் எழுந்து உடுப்பு மாற்றுகிற சத்தம் கேட்டது. அப்போதுதான் போலீஸுக்குப் போன் பண்ணினாள்.

அந்தக் காலைப் பொழுது மாதிரி ஒன்று அந்தக் குளிர்காலத்திலேயே வரவில்லை. காற்று என்பது பேருக்குக் கூட இல்லை. வானம் நீலமாக, சுத்தமாக இருந்தது. நான் மட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு தெரு திரும்பினால் ரொலான் வீட்டு வாசலில் போலீஸ் கார் நிற்கிறது. ராத்திரியே ஏதோ செய்துகொண்டுவிட்டான் என்றுதான் நினைத்தேன்.

உள்ளே போனால் ரெமி முன்வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். ஒரு காலில் பூட்ஸ் கட்டி முடித்திருந்தான், இன்னொரு காலில் கயிறு தொங்கியது. ஒரு இளம் பெண் போலீஸ் அவன் முன்னால் குந்தி உட்கார்ந்து தணிந்த குரலில் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். கூட வந்த போலீஸ்காரர் எங்கள் வயதுக்காரர், அக்கரை ஊர். மலையில் ஒன்றிரண்டு தடவை பார்த்திருக்கிறேன். அவர் கையில் ரெமியின் பை திறந்து கிடந்தது. என்னையும் என் மட்டைகளையும் பார்த்தார்.

"நீங்கதான் கூட்டிட்டுப் போறீங்களாம்மா? மலைக்குப் போறவன் இப்படியா பை கட்டுவான்?" கோபமாகக் கேட்கவில்லை. வருத்தமாகத்தான் கேட்டார்.

லிசெத் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். நேற்றுப் போட்ட உடுப்பு. ரொலான் உள்பனியனோடு சமையலறை வாசலில் நின்றான். "என்ன நடக்குதுன்னு யாராச்சும் சொல்லுங்களேன்" என்றான்.

எனக்குப் புரிந்துவிட்டது. பையைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

"ரொலான், உன் பைய எடுத்துட்டு வா."

"எதுக்கு?"

"கொண்டு வாடா இங்க."

கொண்டு வந்தான். பிடுங்கித் தரையில் கொட்டினேன். இரண்டு பேருடைய சாமானும் விழுந்தது. நீலச் சட்டை, அழகாக மடித்தது, லிசெத்தின் காலடியில் போய் விழுந்தது.

"அவன்தான் பாதை போடறான் லிசெத். நேத்து மத்தியானம் அவனாக் கேட்டான். உச்சி வரைக்கும் நானே போடறேன்னான்."

"முன்னாடியா?" என்றாள். "இவனா முன்னாடி?" பிறகு, "என்கிட்ட யாருமே சொல்லலயே" என்றாள். சின்னப் பிள்ளை சொல்கிற மாதிரி சொன்னாள். ரொலான், "சொல்லணும்னுதான்..." என்று ஆரம்பித்து, முடிக்கவில்லை.

போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். மலையேறுகிறவர் ஆயிற்றே, அவருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. பையை மெதுவாக மூடிப் பெஞ்சில் வைத்தார். ஒரு நிமிஷம் எல்லாம் சரியாகிவிட்டது என்றே நான் நினைத்தேன். இன்னும் நேரம் இருக்கிறது, இப்போது கிளம்பினால் கூட நடுப்பகலுக்குள் ஏறிவிடலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். என்ன புத்தி.

இளம் பெண் போலீஸ் எழுந்திருக்கவில்லை. ரெமியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்கள நாங்க வலுக்கட்டாயமா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக வேண்டியதில்ல. ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கறேன். நீங்களே சொல்லுங்க. இன்னிக்கு மேல போனா பத்திரமாத் திரும்பி வந்துருவீங்களா?"

"சொல்லுடா கண்ணா" என்றாள் லிசெத். சுவரை விட்டு வந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். "வந்துருவேன்னு சொல்லு. எனக்குத் தெரியும், நீ வந்துருவ. தப்பு என்மேலதான். சொல்லிடு அவங்ககிட்ட."

அவன் அம்மாவை அண்ணாந்து பார்த்தான். கோபம் ஒன்றும் இல்லை அந்த முகத்தில். கோபப்பட்டிருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன்.

"காலையில எழுந்திரிச்சப்ப தெரிஞ்சிருந்துச்சு" என்றான். "நிச்சயமாத் தெரிஞ்சிருந்துச்சு. இப்பத் தெரியல."

"ரெமி..."

"நீ ராத்திரி பூரா வாசல்ல உக்காந்திருந்தியாம்மா? நான் கதவுக்கு உள்பக்கம் நிம்மதியாத் தூங்கிட்டிருந்தேன். என்னப் பத்தி உனக்குத் தெரிஞ்ச அளவு எனக்கே தெரியாதோ என்னவோ." அந்தப் பெண்ணிடம் திரும்பினான். "நான் வர்றேன். அதுதான் நல்லது."

குனிந்து, கட்டியிருந்த பூட்ஸையும் கழற்றினான். சாதாரண ஷூவைப் போட்டுக்கொண்டான். அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். யாரும் யாரையும் தொட்டு இழுக்கவில்லை, சத்தமில்லை. லிசெத் கார் வரைக்கும் போனாள். பின் கதவு மூடியதும், கண்ணாடி வழியாக அவனைப் பார்த்து, தலையை ஆட்டிக்கொண்டே நின்றாள். கார் போன பிறகும் ஆட்டிக்கொண்டிருந்தாள். நான்தான் போய்ப் பிடித்து உள்ளே கூட்டி வந்தேன்.

அவளை ஏதாவது சொல்ல வேண்டும் என்று எனக்கு நாக்கு துடித்தது. ஆனால் நான் அவளாக இருந்திருந்தால் ராத்திரியே போன் பண்ணியிருப்பேன்.

பிப்ரவரி கடைசியில் திரும்பி வந்தான். இந்தத் தடவை வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி இருந்தான். நேரத்துக்கு எழுந்தான், நேரத்துக்கு மாத்திரை போட்டான், கொடுத்ததைச் சாப்பிட்டு நன்றி சொன்னான். அதைப் பார்க்க முடியவில்லை. கட்டிலில் கிடந்து கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது.

இப்போது மலைக்குப் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறவள் லிசெத். வாரம் தவறாமல் எனக்குப் போன் பண்ணுவாள். "சனிக்கிழமை காத்து இல்லையாம் ஜிசேல்." "மேட்டு வழியில ரெண்டு மரம் விழுந்திருக்காம், விசாரிச்சேன், சுத்திப் போயிடலாம்." கொட்டகைக்குப் போய் அவளே வார்களுக்கு எண்ணெய் போட்டு வைத்தாள். அவன் எதிரில், "நீதான்டா பாதை போடணும். உச்சி வரைக்கும் நீதான்" என்பாள். அவன், "பாக்கலாம்மா" என்பான். அவ்வளவு பணிவாகச் சொல்வான். அவள் அடுத்த சனிக்கிழமைக்குத் திட்டம் போட ஆரம்பிப்பாள். அவன் போய்விட்டு வரட்டும், ஒரு தடவை ஏறி இறங்கிவிட்டால் போதும் என்று அவள் நம்பினாள். அன்றைக்கு அவள் தட்டிப் பறித்ததை அவளே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மூன்று பேர் இருக்கிற அந்த வீட்டில் அவள் ஒருத்தி மட்டும்தான் இன்னும் எதையோ எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் முடியப் போகிற சமயம் என்னைக் கூப்பிட்டு, "நீ கேளு. நீ கேட்டா வருவான்" என்றாள்.

ரெமி முன்னறையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்னடா, போலாமா? இன்னும் கொஞ்ச நாள்தான் பனி நிக்கும். உங்கம்மா என் உயிர வாங்கறா."

"தெரியும் அத்தை."

"உனக்காக இல்லன்னாலும் அவளுக்காக ஒரு தடவ போயிட்டு வந்துடேன்."

அவன் சொட்டுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, ஏதோ சாதாரணமாக ஞாபகம் வந்த மாதிரி சொன்னான்.

"அன்னிக்கு ஒரு பூட்ஸ கட்டிட்டு இன்னொண்ண எடுத்தேன். அப்ப தோணுச்சு, இறங்கி வந்ததும் செமயாப் பசிக்கும்னு. என்ன கெடைச்சாலும் திம்பேன்னு. அந்த மாதிரி தோணி எத்தன மாசமாச்சு தெரியுமா அத்தை. பசிக்கும்னு நெனச்சதுக்கே அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. அப்பத்தான் கதவத் தட்டினாங்க."

"இப்ப?"

"இப்ப மேல போனாலும் பசிக்காது." கொஞ்சம் பொறுத்து, "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க" என்றான்.

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அவன் விடுவித்துக்கொள்ளவில்லை, திருப்பிப் பிடிக்கவும் இல்லை, அவன் கை என் கைக்குள் சும்மா இருந்தது.

சமையலறைக்குப் போனேன். லிசெத் கையில் துணியைப் பிடித்துக்கொண்டு கதவையே பார்த்து நின்றிருந்தாள்.

"என்ன சொன்னான்?"

"அடுத்த வாரம் பாக்கலாம்னான்."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. என் கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்தினாள். ஓடிப் போய் ரேடியோவைப் பெரிதாக வைத்தாள். வானிலைச் செய்தி வந்தது. அடுத்த வாரம் முழுக்க மழை என்று சொன்னார்கள்.

"இங்கதான் மழை" என்றாள் லிசெத். "மேல பனியாத்தான் விழும். மலை உசரமாச்சே."

"ஆமா" என்றேன்.